ஐந்து பத்திரிகையில் ஒரே வரி

போன வாரம் நம் அலுவலகத்திலிருந்து மூன்று பேர் என் வீட்டுக்கு வந்திருந்தீர்கள். கே.கே. நகர் பஸ் ஸ்டாப்பில் இறங்கி வழி கேட்டுக் கேட்டு, வேர்த்து விறுவிறுத்து வந்து சேர்ந்தீர்கள். ஆண்டு மலரில் 'தலைவர்களின் பொன்மொழிகள்' என்று நான்கு பக்கம் வரப்போகிறது, முன்னுரை நீங்கள்தான் எழுத வேண்டும் என்றீர்கள். பட்டியலை வாங்கிப் பார்த்தேன். தேசத் தலைவர்கள், படைத் தளபதிகள், நம் ஜில்லாத் தலைவர்கள் என்று அறுபது வாக்கியம். ஏழாவது வாக்கியத்தைச் சிவப்புப் பேனாவால் அடித்தேன். உங்களில் கண்ணாடி போட்ட பெண்ணுக்கு முகம் சுண்டிப்போயிற்று. "சார், இது அவர் சிலைக்குக் கீழேயே செதுக்கியிருக்கு சார்" என்றாள்.

செதுக்கியிருக்கட்டும். கல்லில் வெட்டிவிட்டால் நடந்தது மாறிவிடுமா? அந்த வாக்கியத்தை அவர் சொல்லவில்லை. அதைச் செய்தவன் நான். ஸ்ரீரங்கத்தில் ஒரு காப்பி ஹோட்டல் மேஜையில், இரண்டாவது டம்ளர் காப்பி ஆறுவதற்குள் செய்தேன். முன்னுரைக்குப் பதிலாக அந்தக் கதையை எழுதி அனுப்புகிறேன். மலரில் போடுவதும் குப்பைக்கூடையில் போடுவதும் உங்கள் இஷ்டம். ஆனால் படிக்காமல் போடாதீர்கள்.

நான் பாலக்கரைக்காரன். அத்தா தோல் மண்டியில் வேலை பார்த்தார். எனக்கு அந்த வாடை ஆகவில்லை என்பதால் தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் சேர்ந்து சுருக்கெழுத்து படித்தேன். ஐம்பதுகளின் கடைசியில் திருச்சியிலேயே அச்சாகும் ஒரு தினசரியில் நிருபரானேன். அப்போது உங்களைப் போல டேப் ரெக்கார்டரை நீட்டிவிட்டுச் சும்மா நிற்க முடியாது. மேடைக்குக் கீழே பெஞ்சு போட்டிருப்பார்கள். மடியில் நோட்டு, காதில் ஒரு பென்சில், கையில் ஒரு பென்சில். தலைவர் மூச்சு விடுவதற்குள் நாம் எழுதி முடித்திருக்க வேண்டும். அதில் என் கை வேகமானது. பெருமைக்குச் சொல்லவில்லை, அந்தக் கை வேகம்தான் பின்னால் எல்லா வம்பையும் இழுத்துக்கொண்டு வந்தது.

ஊரில் ஐந்து பத்திரிகைக்கு ஐந்து நிருபர்கள். எங்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. அதற்கு 'ஒத்துப் பார்ப்பது' என்று பெயர். கூட்டம் முடிந்ததும் ஐந்து பேரும் ஒரு காப்பி ஹோட்டலில் உட்காருவோம். யார் நோட்டு நன்றாக இருக்கிறதோ அவர் படிப்பார், மற்றவர்கள் விட்டதைச் சேர்த்துக்கொள்வார்கள். அதோடு நின்றிருந்தால் தப்பில்லை. கடைசியில் 'வரி எடுப்போம்'. அதாவது, தலைப்புக்கு ஒரு வாக்கியம். தலைவர் அரை மணி நேரம் சுற்றிச் சுற்றிப் பேசியதைச் சுண்டக் காய்ச்சி, மேற்கோள் குறி போட்டு, அவர் வாயில் வைப்போம். ஐந்து பத்திரிகையிலும் அதே வரி வரும். எந்த ஆசிரியரும் "அவனுக்குக் கிடைத்தது உனக்கு ஏன் கிடைக்கவில்லை" என்று கேட்க முடியாது. எல்லார் தோலும் தப்பிக்கும்.

வரி எடுப்பதில் மூத்தவர் ஸ்ரீரங்கத்துக்காரர் ஒருவர். உத்தர வீதியில் வீடு, நெற்றியில் திருமண், வாயில் எப்போதும் வெற்றிலை. பெயர் வேண்டாம். என் பென்சிலைப் பிடித்து வேகம் சொல்லிக்கொடுத்ததும் அவர்தான், மேற்கோள் குறிக்குள் கை வைக்கச் சொல்லிக்கொடுத்ததும் அவர்தான். "ஓய் பாய், தலைவர்கள் கல்லைத்தான் தருவா. சிலை பண்றது நம்ம வேலை" என்பார். எனக்கு அது அப்போது ரொம்பப் பிடித்திருந்தது.

சீன யுத்தம் முடிந்த மறு வருஷம் ஓய்வுபெற்ற ஒரு தளபதி கல்லூரி மைதானத்தில் பேசினார். இங்கிலீஷில், தயங்கித் தயங்கி, பனியில் செத்துப்போன தன் ஆட்களைப் பற்றிப் பேசினார். பாதிப் பேச்சில் நிறுத்திக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். நாங்கள் என்ன செய்தோம்? மலையைவிட உயர்ந்தது மனிதனின் மார்பு என்கிற மாதிரி ஒரு வரி எடுத்தோம். அது பள்ளிக்கூடச் சுவர்களில் எல்லாம் ஏறிவிட்டது. அடுத்த வருஷம் அவர் பெருமாளைச் சேவிக்க ஸ்ரீரங்கம் வந்தபோது, ஒரு பள்ளிக்கூடச் சுவரில் அதைப் பார்த்து என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். தலைமையாசிரியர் இங்கிலீஷில் சொன்னார். யார் சொன்னது என்றார் தளபதி. "தாங்கள்தான்" என்றார் தலைமையாசிரியர்.

செய்திக்காகக் கூடவே போயிருந்த எங்கள் பக்கம் தளபதி திரும்பினார். பட்டாளத்தில் தன் உத்தரவில் யாராவது ஒரு சொல்லை மாற்றினால் ஆள் சாவான், உங்கள் ஊரில் மாற்றினால் கைதட்டல் கிடைக்கும் போலிருக்கிறது என்று மெதுவாகச் சொன்னார். நாங்கள் சிரித்தோம். நானும்தான் சிரித்தேன். இப்போது நினைத்தாலும் எனக்கு அந்தச் சிரிப்புக்காக உடம்பு கூசுகிறது.

அதற்கு இரண்டு வருஷம் கழித்து அரிசித் தட்டுப்பாடு வந்தது. நீங்கள் பிறக்காத காலம். ரேஷன் கடை வாசலில் பெண்கள் விடியற்காலையிலேயே பையை வரிசையில் போட்டுக் கல்லை வைத்துவிட்டுப் போவார்கள். திருவானைக்கோவில் பக்கம் ஒரு வியாபாரியின் கிடங்கில் மூட்டை மூட்டையாக அரிசி அடைந்து கிடக்கிறது என்று ஊரே பேசியது. அதைக் கண்டித்து ஸ்ரீரங்கத்தில் ஒரு மாலை கூட்டம். இன்றைக்கு வானத்தை முட்டிக்கொண்டு நிற்கும் ராஜகோபுரம் அன்றைக்குக் கிடையாது. மொட்டைக் கோபுரம்தான். அதற்கு வெளியே மேடை. உங்கள் பட்டியலில் ஏழாவதாக இருக்கிற தலைவர்தான் பேச்சாளர். எதிர்க்கட்சியில் பெரிய ஆள், ஏற்கெனவே நான்கு முறை ஜெயிலுக்குப் போனவர். கூட்டத்துக்குத் தலைமை தாங்கியவர் ரத்தினம். திருவெறும்பூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர். தலைமை தாங்குவது அவருக்கு அதுதான் முதல் தடவை.

தலைவர் பேசியது என் நோட்டில் இருந்தது. இதோ அப்படியே: "பசிச்சவன் பூட்டை உடைச்சா தப்புங்கறோம். பூட்டி வெச்சவனை என்னங்கறது? பசிச்சவன் கை அந்தப் பூட்டு மேல படறதுக்கு முன்னால சர்க்கார் அதைத் திறக்கணும். நாளைக்குக் காலையில பத்து மணிக்குக் கலெக்டர் ஆபீஸுல மனுக் கொடுப்போம். எல்லாரும் வாங்க. அமைதியா வாங்க." கடைசியில் ரத்தினம் நன்றி சொன்னார். அவருக்குப் பேச வரவில்லை. "தலைவர் சொன்னதை நாம செஞ்சு காட்டணும்" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

நாங்கள் காப்பி ஹோட்டலுக்குப் போனோம். போலீஸ் சுருக்கெழுத்துக்காரர் ஒருவரும் எங்கள் மேஜையில்தான் உட்காருவார். அவருக்கு இங்கிலீஷ் வேகம் உண்டு, தமிழ் வேகம் கிடையாது. விட்டதை எங்களிடம் கேட்டு நிரப்பிக்கொள்வார். அதுவும் வழக்கம்தான்.

"பாய், இன்னிக்கு வரி என்ன?" என்றார் ஸ்ரீரங்கத்துக்காரர்.

"மனுக் கொடுக்கப் போறோம்னார். அதான்."

"மனுவுக்கு எவன் ஓய் காசு குடுத்துப் பேப்பர் வாங்குவான்? பூட்டு, பசி, கை... மூணும் இருக்கு. சேர்த்துப் பாரும்."

சேர்த்தேன். என் மூளைக்கு அன்றைக்கு என்ன கொழுப்போ தெரியவில்லை, ஒரே வீச்சில் வந்து விழுந்தது. "பசித்தவன் கை பட்டால் எந்தப் பூட்டும் திறக்கும்." ஸ்ரீரங்கத்துக்காரர் மேஜையைத் தட்டினார். மற்ற மூன்று பேரும் எழுதிக்கொண்டார்கள். "அந்த இடம் எனக்கு விட்டுப்போச்சு பாய், இன்னொரு தடவை சொல்லுங்க" என்று போலீஸ்காரரும் எழுதிக்கொண்டார். வார்த்தை ஒவ்வொன்றும் தலைவருடையது, வாக்கியம் என்னுடையது. மனுவும் கலெக்டரும் அமைதியும் என் நோட்டுக்குள்ளேயே தங்கிவிட்டன.

எங்கள் ஆபீஸில் செய்தியைக் கொடுத்துவிட்டு வெளியே வரும்போது தகவல் வந்தது. கூட்டம் கலைந்து போன வழியில் இருபது பேர் அந்தக் கிடங்கின் பூட்டை உடைத்து மூட்டைகளைத் தூக்கிவிட்டார்கள். காவலுக்கு இருந்த ஆளுக்கு மண்டையில் அடி. மறுநாள் காலை ஐந்து பத்திரிகையிலும் மேலே என் வரி, கீழே உடைந்த பூட்டு. படித்தவன் இரண்டையும் கூட்டிக்கொண்டான்.

பத்து மணிக்கு ரத்தினமும் அவர் மனைவி மங்களமும் முப்பது பேரோடு கலெக்டர் ஆபீஸ் வாசலுக்கு மனுவோடு போனார்கள். மனுவைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற ரத்தினத்தை அங்கேயே கைது செய்தார்கள். தலைவரையும் பிடித்தார்கள். கூட்டத்தைத் தூண்டிவிட்டுக் கொள்ளையடிக்க வைத்ததாக இரண்டு பேர் மேலும் வழக்கு. ஆதாரம் என்ன தெரியுமா? ஒன்றுக்கொன்று போட்டியான ஐந்து பத்திரிகை, ஐந்திலும் எழுத்துப் பிசகாமல் ஒரே வாக்கியம், போலீஸ் குறிப்பிலும் அதே வாக்கியம், அதற்குக் கீழே ரத்தினத்தின் 'செஞ்சு காட்டணும்'. இதைவிடப் பலமான சாட்சி உலகத்தில் உண்டா? எங்கள் தோலைக் காப்பாற்றிக்கொள்ள வைத்திருந்த வழக்கம், இன்னொருவர் கழுத்துக்குக் கயிறாகிவிட்டது.

தலைவர் ஜாமீனில் வந்தபோது ஜங்ஷனில் மாலை போட்டார்கள். சுவரெல்லாம் என் வரியை எழுதி அதற்குக் கீழே அவர் பேரைப் போட்டார்கள். ரத்தினம் ஜாமீனில் வந்தபோது தொழிற்சாலை வாசலில் சஸ்பென்ஷன் கடிதம் கொடுத்தார்கள். தண்டனை என்று ஒரு நாள் விழுந்தாலும் வேலை போய்விடும்.

ஒரு காலை நேரத்தில் மங்களம் பாலக்கரையில் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். அதற்கு முன் நான் அவரிடம் பேசியதில்லை.

"நீங்கதானே பேப்பர்ல எழுதுற பாய்?"

"ஆமாம்மா. உள்ள வந்து உக்காருங்க."

"உக்கார வரலைங்க. அன்னிக்குக் கூட்டத்துல நானும் முன்னாடிதான் இருந்தேன். மனுக் கொடுக்கலாம்னுதான் தலைவரு சொன்னாரு. என் ரெண்டு காதால கேட்டேன். அதை நான் சொன்னா, பொண்டாட்டி புருசனுக்காகச் சொல்றான்னு தள்ளிருவாங்களாம். வக்கீல் சொல்றாரு. நீங்க என்ன கேட்டீங்க?"

"நோட்டைப் பார்த்துத்தாம்மா சொல்லணும்" என்றேன். நாளைக்கு வா என்று அனுப்பிவிடலாம் என்ற எண்ணம்.

"பாருங்க. நான் இங்கயே நிக்கிறேன்."

வேறு வழியில்லை. பெட்டியிலிருந்து நோட்டை எடுத்து வந்து வாசலில் நின்றுகொண்டே படித்தேன். கலெக்டர், மனு, அமைதியா வாங்க, எல்லாம் வந்தது.

"இதத்தான் நானும் கேட்டேன். அப்ப பேப்பர்ல வந்ததை யாரு சொன்னது?"

"நான்தாம்மா."

அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். "அப்ப இதையே அங்கயும் வந்து சொல்லுங்க" என்றார். புடவைத் தலைப்பை இழுத்துச் சொருகிக்கொண்டு தெருவில் இறங்கிப் போய்விட்டார். என் மனைவி நூர்ஜஹான் கதவுக்குப் பின்னாலிருந்து எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். "வேலை போயிருமா?" என்றாள். போகலாம் என்றேன். "போனா போவட்டும். நாளைக்கு அந்தப் பொம்பளையை மார்க்கெட்ல பார்த்தா நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிறது?" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

ஐந்து நிருபர்களுக்கும் சம்மன் வந்தது. அரசுத் தரப்புச் சாட்சிகள் நாங்கள். எங்கள் ஆசிரியர் கூப்பிட்டு அனுப்பினார். நல்ல மனிதர், கோபமே வராது. "உங்க செய்தியான்னு கேப்பாங்க, ஆமான்னுட்டு இறங்கிடுங்க. ரெண்டு நிமிஷம். நோட்டை மட்டும் இப்ப ஆபீஸ்ல குடுத்துடுங்க, அது ஆபீஸ் சொத்து" என்றார்.

"நோட்டு நான் சொந்தக் காசுல வாங்கினது சார்."

"பாய், மேற்கோள் குறிக்குள்ள நாம போட்டது பொய்யின்னு நீங்க கோர்ட்டுல சொன்னா, நாளைக்கு இந்தப் பேப்பர்ல எதை ஜனங்க நம்புவாங்க?"

"அதை நாம எழுதும்போதே யோசிச்சிருக்கணும் சார். நான் யோசிக்கல. இப்ப யோசிக்கிறேன்."

ஸ்ரீரங்கத்துக்காரர் என்னைத் தேடிக்கொண்டு பாலக்கரைக்கே வந்தார். அவருக்கு நிஜமாகவே பயம். ஓய்வுபெற இரண்டு வருஷம்தான் இருந்தது. "அஞ்சு பேருமாச் சேர்ந்துதானே எழுதினோம்? நீர் மட்டும் என்ன ஹரிச்சந்திரனா? எங்களை எல்லாம் பொய்யனாக்கிட்டு நீர் மட்டும் யோக்கியன் ஆகப் பாக்கறீரா?" என்றார். என் கையைப் பிடித்து வேலை சொல்லிக்கொடுத்தவர். ஆனாலும், "வரி என்னுது. என் பேரை மட்டும் சொல்லுறேன். உங்க பேரை எடுக்க மாட்டேன்" என்றேன். அவர் குடையை விரித்துக்கொண்டு போனார்.

இவர்களையெல்லாம் எதிர்ப்பது பெரிதில்லை. தலைவரை எதிர்ப்பதுதான் நான் நினைத்தே பார்க்காதது. ஜங்ஷன் பக்கம் ஒரு லாட்ஜில் தங்கியிருந்தார். ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். போனேன். சட்டையில்லாமல் நாற்காலியில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தார்.

"பாய், அந்த வரியை நீங்கதான் எழுதினீங்களாமே. நல்ல வரி. முப்பது வருசமா பேசறேன், இந்த மாதிரி ஒண்ணு என் வாயில வரல. இப்ப சேலம், மதுரை எங்க போனாலும் ஜனங்க அதைத்தான் சொல்றாங்க. நான் சொல்லலேன்னு கோர்ட்டுல போய்ச் சொல்லிடாதீங்க."

"சொன்னாத்தான் ரெண்டு பேரும் வெளிய வரலாங்க."

"வெளிய வந்து? பயந்துபோய்ச் சொல்லலேன்னு மறுத்துட்டான்னு பேசுவாங்க. எனக்கு ஜெயில் புதுசா?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அந்தக் காலத்தில் அவர் முன்னால் நின்று யாரும் எதிர்த்துப் பேச மாட்டார்கள். நான் பேசினேன். "உங்களுக்கு ஜெயில் வாசல்ல மாலை காத்திருக்குங்க. ரத்தினத்துக்கு டிஸ்மிஸ் ஆர்டர் காத்திருக்கு. அவருக்கு மாலை போட யாரு வருவா? நீங்க என்ன வேணாலும் சொல்லுங்க. நான் கேட்டதை நான் சொல்லுவேன்."

"நான் சொன்னேன்னு நானே சொன்னா, சொல்லலேன்னு நீங்க எப்படி நிரூபிப்பீங்க?" என்று கேட்டுச் சிரித்தார். சலாம் சொல்லிவிட்டுப் படியிறங்கினேன்.

விசாரணை நாள். கோர்ட் நிரம்பி வழிந்தது. ஸ்ரீரங்கத்துக்காரர் முதலில் கூண்டேறினார். "அஞ்சு பத்திரிகையில ஒரே மாதிரி வந்திருக்கு. சொல்லாமலா எழுதுவோம்?" என்று சொல்லிவிட்டு என்னைப் பார்க்காமல் இறங்கினார். அடுத்தது நான். பேப்பரை நீட்டி, இது உங்கள் செய்திதானா என்றார் சர்க்கார் வக்கீல்.

"செய்தி என்னுதுதாங்க. மேற்கோள் குறிக்குள்ள இருக்கிற வாக்கியமும் என்னுதுதான். தலைவர் அப்படிச் சொல்லல."

கோர்ட்டில் சலசலப்பு. நான் நோட்டை எடுத்து மாஜிஸ்திரேட்டிடம் கொடுத்தேன். சர்க்கார் வக்கீலுக்கு முகம் சிவந்துவிட்டது. நான் எதிர்த்தரப்போடு சேர்ந்துவிட்டேன் என்றும், சுருக்கெழுத்து நோட்டை எப்போது வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம் என்றும் பேச ஆரம்பித்தார். நான் என்னையறியாமல் காதிலிருந்த பென்சிலை எடுத்தேன். சம்மன் பின்பக்கம் வெறுமையாக இருந்தது. யாராவது உரக்கப் பேசினால் என் கை சும்மா இருக்காது.

மாஜிஸ்திரேட் கவனித்துவிட்டார். "சாட்சி என்ன எழுதறீர்?"

"வக்கீல் ஐயா பேசறதைங்க. பழக்கதோஷம். மன்னிக்கணும்."

"படியும் பார்ப்போம்."

படித்தேன். "இந்தச் சாட்சியானவர் வந்து, நேத்து ராத்திரி, நேத்து ராத்திரின்னு இல்லை, ஏதோ ஒரு ராத்திரி உக்காந்து, அதாவது, எழுதியிருக்கலாம் என்பது என்னுடைய... கொஞ்சம் தண்ணி குடுப்பா... என்னுடைய தாழ்மையான அபிப்பிராயம்."

கோர்ட் முழுக்கச் சிரித்தது. மாஜிஸ்திரேட்டும் வாயைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டார். "தண்ணி கேட்டதைக்கூட விடலையே நீர்" என்றார்.

"கேட்டதை எழுதுவேங்க. அன்னிக்கு நோட்டுலயும் அப்படித்தான் எழுதினேன். பேப்பருக்குப் போறப்பதான் மாத்தினேன். அந்தத் தப்பு என்னுது."

"அன்றைய நோட்டையும் படியும்" என்று நோட்டைத் திருப்பி நீட்டினார்.

முதலிலிருந்து படித்தேன். தலைவர் சோடா கேட்டதைப் படித்தேன். மேடையில் ரத்தினத்தின் பெயர் மறந்துபோய், "நம்ம ஃபிட்டர் தம்பி, பேரு என்ன, பின்னாடி யாராச்சும் சொல்லுங்கப்பா" என்று கேட்டதைப் படித்தேன். கூட்டத்துக்கு வந்திருந்தவர்கள் பலர் கோர்ட்டிலும் இருந்தார்கள். ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்கள். பூட்டு, சர்க்கார், கலெக்டர், மனு, அமைதியா வாங்க என்று முடித்தேன். மங்களம் சுவரோரம் நின்றுகொண்டிருந்தார். உதடு மட்டும் என்னோடு கூடவே அசைந்தது.

சாட்சிகள் முடிந்ததும் மாஜிஸ்திரேட் தலைவரைக் கேட்டார். பத்திரிகையில் வந்த வாக்கியத்தை நீர் சொன்னீரா, இல்லையா? அவர் ஆமாம் என்றால் என் நோட்டு வெறும் காகிதம். பேசினவரே ஒத்துக்கொண்ட பிறகு யார் என்னை நம்புவார்கள்?

தலைவர் கூண்டில் நிமிர்ந்து நின்றார். வெளியே அவருடைய ஆட்கள் மாலையோடு நின்றதை நானே பார்த்துவிட்டுத்தான் உள்ளே வந்திருந்தேன். ஒரு 'ஆமாம்' போதும், மறுநாள் தமிழ்நாடு முழுக்க அந்த வரி போயிருக்கும். அவர் பக்கத்தில் திரும்பிப் பார்த்தார். ரத்தினம் துவைத்துத் துவைத்து நைந்துபோன தொழிற்சாலைக் காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். வேறு நல்ல சட்டை இல்லையோ, வேலை இன்னும் தன்னுடையது என்று காட்டத்தான் போட்டிருந்தாரோ, தெரியாது. தலைவர் அந்தச் சட்டையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மாஜிஸ்திரேட் பக்கம் திரும்பினார்.

"நோட்டுல இருக்கறதுதான் நான் பேசினதுங்க" என்றார்.

அவ்வளவுதான். மெதுவாகத்தான் சொன்னார், கடைசி வரிசைக்குக் கேட்டிருக்காது. யாரும் கைதட்டவில்லை. கிடங்கை உடைத்தவர்களுக்குத் தனியாகத் தண்டனை கிடைத்தது. தூண்டிவிட்ட வழக்கிலிருந்து இவர்கள் இருவரும் விடுதலை ஆனார்கள். வெளியே மாலைகளை என்ன செய்வது என்று தெரியாமல் ஆட்கள் முழித்தார்கள். பயந்துவிட்டார் என்று சிலர் அங்கேயே பேசினார்கள். அவர் காதில் விழுந்தது. காரில் ஏறிப் போய்விட்டார்.

எனக்கு மறுநாளே வேலை போயிற்று. ஒன்றரை வருஷம் அதே டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் சுருக்கெழுத்து சொல்லிக்கொடுத்தேன். பிறகுதான் இப்போது நீங்கள் இருக்கிற இந்தப் பத்திரிகையில் சேர்ந்தேன். அன்றிலிருந்து ஒத்துப் பார்க்க எந்தக் காப்பி ஹோட்டலிலும் நான் உட்கார்ந்ததில்லை. திமிர் பிடித்தவன் என்றார்கள். இருக்கட்டும். ஸ்ரீரங்கத்துக்காரர் ஓய்வுபெற்ற அன்று எனக்கு ஒரு கட்டு புது நோட்டு அனுப்பினார், கூட ஒரு வார்த்தையும் எழுதவில்லை. ரத்தினம் அதே தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றார்.

தலைவர் காலமான பிறகு சிலை வைத்தார்கள். அவர் சொல்லாத வரியைப் பீடத்தில் வெட்டினார்கள். நான் கடிதம் எழுதினேன், யாரும் போடவில்லை. மறுபடி எழுதினேன். இப்போது உங்களுக்கும் எழுதுகிறேன்.

அதனால் ஏழாவது வாக்கியத்தை அடித்தது அடித்ததுதான். அந்த இடத்தைக் காலியாக விட வேண்டாம். அவர் பெயருக்கு நேராக, "நோட்டுல இருக்கறதுதான் நான் பேசினதுங்க" என்று போடுங்கள். இதில் என்ன பொன் இருக்கிறது என்று உங்கள் ஆசிரியர் கேட்டால், தன் வாழ்க்கையிலேயே சிறந்த வாக்கியத்தை ஒரு ஃபிட்டரின் வேலைக்காக விட்டுக்கொடுத்த மனிதர் பேசியது என்று சொல்லுங்கள். அன்றைக்குக் கூண்டிலிருந்து இறங்கி, கோர்ட் பெஞ்சில் உட்கார்ந்து, சம்மன் பின்பக்கத்திலேயே அதையும் எழுதிவைத்தேன். அந்தக் காகிதம் இன்னும் என்னிடம் இருக்கிறது. அவர் வாயில் வந்தபடியே இருக்கிறது, நான் ஒரு சொல்லும் தொடவில்லை.